பேட்ச் போடுவதா, போர்ட்டை மூடுவதா, எல்எல்எம்என்ஆரையே அணைப்பதா?

2011 ஏப்ரல் 12 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரே நாளில் 17 பாதுகாப்பு அறிவிப்புகளை வெளியிட்டது. அவற்றுக்குள் 64 ஓட்டைகள். அந்தக் குவியலில் ஒன்று எம்எஸ்11-030. பெயரைக் கொடுத்தால் முகவரியைத் தேடித் தருகிற விண்டோஸின் பகுதியில் கோளாறு. அதன் வழியே வெளியாள் ஒருவர் நம் கணினியில் தன் நிரலை ஓட்டிவிடலாம். நாம் எந்த இணைப்பையும் தட்ட வேண்டாம், எந்தக் கோப்பையும் திறக்க வேண்டாம். கணினி நெட்வொர்க்கில் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்.

அந்த அறிவிப்பு மூன்று வழிகளைச் சொன்னது. பேட்ச், அதாவது நிரலுக்கான திருத்தம், போடலாம். அதுவரை, நெட்வொர்க் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலில் 5355 என்ற போர்ட்டை, அதாவது செய்திகள் நுழையும் எண்ணிட்ட வாசலை, மூடி வைக்கலாம். அல்லது ஓட்டை இருக்கும் எல்எல்எம்என்ஆர் என்ற வசதியையே, கணினிகளின் அமைப்புகளை நிர்வாகி மாற்றும் இடமான குரூப் பாலிசியில் அணைத்துவிடலாம். கடைசி இரண்டையும் அறிவிப்பு தற்காலிக ஏற்பாடாகத்தான் வைத்தது. அதில் ஒன்று தற்காலிகம் இல்லை, அதுதான் நிரந்தரமாக இருந்திருக்க வேண்டியது என்பது என் கட்சி.

விஸ்டா 2017இலும் விண்டோஸ் 7 2020 ஜனவரியிலும் ஆதரவை இழந்துவிட்டன. இப்போது எதற்கு இந்தப் பழங்கதை என்று கேட்கலாம். ஏதோ ஒரு அளவைக் கருவியோடோ பழைய இயந்திரத்தோடோ கட்டிப்போட்ட விண்டோஸ் 7 கணினி உங்கள் பொறுப்பில் ஒன்றாவது இருந்தால் இது பழங்கதை ஆகாது. அப்படி ஒன்று இல்லாவிட்டாலும், பெயர் தேடும் பகுதியில் ஓட்டை என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இதே மூன்று கதவுகள்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் சரியான கதவு வேறு.

முதலில் ஓட்டையைப் பார்த்துவிடலாம்

நீங்கள் ஒரு பெயரைத் தட்டுகிறீர்கள். விண்டோஸ் அதை, பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கிறது. சர்வர் "அப்படி யாரும் இல்லை" என்று கைவிரித்தால், விஸ்டாவும் அதற்குப் பிந்தைய விண்டோஸும் அதோடு விடுவதில்லை. அதே நெட்வொர்க்கில் இருக்கும் எல்லோரையும் பார்த்து "உங்களில் யாருக்காவது இந்தப் பெயரா?" என்று கூவுகின்றன. இந்தக் கூவலுக்குப் பெயர்தான் எல்எல்எம்என்ஆர். பழைய ஐபிவி4 முகவரி முறையில் 224.0.0.252, புதிய ஐபிவி6 முறையில் எஃப்எஃப்02::1:3 என்ற கூட்டு முகவரிக்கு, யுடிபி என்ற அனுப்பும் முறையில் 5355 வழியாகப் போகும். டிஎன்எஸ் சர்வர் இல்லாத சிறு நெட்வொர்க்குகளில் ஒரு கணினி இன்னொன்றைக் கண்டுபிடிக்க இது உதவும் என்பதற்காக வந்த ஏற்பாடு.

கூவினால் கேட்க ஆள் வேண்டும். எனவே அப்படிப்பட்ட ஒவ்வொரு விண்டோஸ் கணினியும் 5355இல் காதைத் திறந்து வைத்திருக்கிறது. வருகிற கேள்வி தன்னைப் பற்றியதா என்று தெரிந்துகொள்ள அதைப் பிரித்துப் படித்துத்தான் ஆக வேண்டும். படிக்கிற வேலை டிஎன்எஸ்ஏபிஐ.டிஎல்எல் என்ற கோப்பில் இருக்கும் நிரலுடையது. அதற்குக் கொடுக்கிற பெயரின் முதல் எழுத்தே ஒரு புள்ளியாக இருந்துவிட்டால் அது தடுமாறுகிறது. பெயர் வைக்கப்பட்ட நினைவகத்தின் தொடக்கத்தைத் தாண்டிப் பின்னோக்கி நடக்க ஆரம்பிக்கிறது. எல்லை மீறல் என்றால் முன்பக்கம் வழிந்து ஓடுவதைத்தான் நாம் வழக்கமாக நினைப்போம்; இங்கே பின்வாசல் வழியாக வழிகிறது. விளைவு, ஸ்டாக் எனப்படும் நிரலின் தற்காலிக நினைவகப் பகுதி தீர்ந்து சேவை விழும், அல்லது ஸ்டாக்கில் இருப்பது சிதையும். சிதைவதைத் தன் வசதிப்படி சிதைக்க ஒருவருக்குத் தெரிந்தால், நிரலை ஓட்டும் வாய்ப்பு.

நடைமுறையில் எவ்வளவு தூரம் போக முடிந்தது? ஓட்டைகளைச் சோதித்துப் பார்க்கும் மெட்டாஸ்ப்ளாய்ட் கருவியில் இதற்கென்று வந்த மாட்யூல் சேவையை விழச்செய்வதோடு நின்றது. நிரல் ஓட்டம் சாத்தியப்படலாம், ஆனால் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்று அதன் குறிப்பே சொன்னது. மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டில் விஸ்டா, 7, சர்வர் 2008, 2008 ஆர்2 ஆகியவற்றுக்கு மிக உயர்ந்த அபாய நிலை. எக்ஸ்பிக்கும் சர்வர் 2003க்கும் ஒரு படி குறைவு, ஏனென்றால் அவற்றில் தாக்குபவர் முதலில் அந்தக் கணினிக்குள் லாகின் செய்திருக்க வேண்டும். பழைய விண்டோஸ் புதியதைவிடப் பாதுகாப்பாக இருந்த அபூர்வமான சந்தர்ப்பம் இது. காரணம் சாமர்த்தியம் அல்ல; எக்ஸ்பிக்குக் காது இல்லை, அவ்வளவுதான்.

ஓடும் நிரலுக்குக் கிடைக்கும் அதிகாரம் நெட்வொர்க் சர்வீஸ் கணக்கினுடையது. முழு நிர்வாகி அதிகாரம் இல்லை. சிலர் இதைச் சொல்லி நிம்மதி அடைவார்கள். எனக்கு அந்த நிம்மதி வராது. உள்ளே கால் வைத்தவருக்கு அடுத்த படி ஏற இன்னொரு ஓட்டை போதும், அந்த மாதமே 64 இருந்தன.

மூன்று கதவுகள்

பேட்ச் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதன் எண் கேபி2509553, போட்டு ரீபூட் செய்தால் அந்தப் புள்ளி விவகாரம் முடிந்தது. எதுவும் வேலை செய்யாமல் போகாது, பயனருக்கு வித்தியாசமே தெரியாது. போட முடிகிற கணினியில் போடாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. கேள்வி எழுவது இரண்டு இடங்களில்தான்: ரீபூட்டுக்கு நேரம் கிடைக்கும்வரை என்ன செய்வது, போடவே முடியாத கணினியை என்ன செய்வது.

ஃபயர்வாலில் போர்ட்டை மூடுவது என்றால் எந்த ஃபயர்வாலில் என்று முதலில் கேட்க வேண்டும். நிறுவனத்தின் வாசலில் நிற்கும் ஃபயர்வாலில் 5355ஐ மூடிவிட்டு "முடிச்சாச்சு" என்று டிக்கெட்டை மூடுவது வெகு சுலபம். மூடுவதில் தப்பில்லை, ஆனால் எல்எல்எம்என்ஆர் கூவல் ரௌட்டரைத் தாண்டுவதே இல்லை; அந்தக் கூட்டு முகவரிகள் ஒரே இணைப்புக்குள் மட்டும் சுற்றுபவை. இந்த ஓட்டைக்கு ஆபத்து வருவது பக்கத்து மேசையிலிருந்து, அதே வைஃபையில் இருக்கும் முன்பின் தெரியாத மடிக்கணினியிலிருந்து, ஏற்கெனவே வைரஸ் புகுந்த இன்னொரு கணினியிலிருந்து. தெருக்கதவைத் தாழிட்டால் வீட்டுக்குள் இருக்கும் பூனை பால் குடிக்காமலா இருக்கும்?

ஒவ்வொரு கணினியிலும் இருக்கும் விண்டோஸ் ஃபயர்வாலில் மூடினால் கதை வேறு. அது வேலை செய்யும். உண்மையில் பொது நெட்வொர்க் என்று குறித்த இணைப்பில் நெட்வொர்க் டிஸ்கவரி அணைந்தே இருப்பதால், வெளியிலிருந்து வரும் எல்எல்எம்என்ஆர் கேள்விகளுக்கு ஃபயர்வால் வழிவிடாது. புது வைஃபையில் சேரும்போது "இது வீடா, அலுவலகமா, பொது இடமா" என்று விண்டோஸ் 7 கேட்குமே, அதில் எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைப் பொறுத்து இந்த ஓட்டை திறந்தோ மூடியோ இருந்தது. பயனர் அவசரத்தில் தட்டும் ஒரு பொத்தானில் பாதுகாப்பு தொங்குவது எனக்குச் சரிப்படவில்லை. ஆனால் ஒன்றுமே செய்ய முடியாத நிலையில், எதையும் நிறுவாமல் அந்த நிமிடமே செய்யக்கூடியது இதுதான்.

மூன்றாவது கதவு எல்எல்எம்என்ஆரையே அணைப்பது. குரூப் பாலிசியில் கணினி அமைப்புகள், நிர்வாக டெம்ப்ளேட்கள், நெட்வொர்க், டிஎன்எஸ் கிளையன்ட் என்று இறங்கினால் "டர்ன் ஆஃப் மல்டிகாஸ்ட் நேம் ரெசல்யூஷன்" என்று ஒரு வரி இருக்கும். அதை எனேபிள் செய்ய வேண்டும். டிசேபிள் அல்ல, அணைப்பதை இயக்குகிறோம். விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் நேரடியாகச் செய்தாலோ எனேபிள்மல்டிகாஸ்ட் என்ற மதிப்பு 0 ஆக வேண்டும். ஒரே விஷயத்துக்கு ஓரிடத்தில் ஆம், இன்னோரிடத்தில் பூஜ்யம். ஆட்டோ பைலட்டில் வேலை பார்ப்பவர் இங்கே நிச்சயம் ஒருமுறை சறுக்குவார். அதனால் பாலிசி இறங்கி ரீபூட் ஆன பிறகு, திறந்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையைப் போட்டு யுடிபி பட்டியலில் 5355 இன்னும் நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. நின்றால் நீங்கள் அணைக்கவில்லை.

இதனால் என்ன போகும்? டிஎன்எஸ் சர்வர் ஒழுங்காக இருக்கும் நெட்வொர்க்கில் கிட்டத்தட்ட ஒன்றும் போகாது. சர்வரே இல்லாத சிறு நெட்வொர்க்கில், பெயர் சொல்லிப் பக்கத்துக் கணினியைக் கூப்பிடுவது சில சமயம் தோற்கும். அதுவும் ஐபிவி4இல், இதே வேலையைச் செய்யும் பழைய ஏற்பாடான நெட்பயாஸ் இன்னும் கைகொடுக்கும்.

(இடையில் ஒரு நான்காவது யோசனையும் சுற்றிவரும்: டிஎன்எஸ் கிளையன்ட் சேவையையே நிறுத்திவிடுவது. நிறுத்தினாலும் பெயர் தேடல் நடக்கும், ஆனால் விடைகள் நினைவில் வைக்கப்படா, கணினி தன் பெயரை டிஎன்எஸ்ஸில் பதிவும் செய்யாது. டொமைனில், அதாவது நிறுவனம் மையமாக நிர்வகிக்கும் குழுவில், இருக்கும் கணினிக்கு இந்தக் கடைசி விஷயம் தொல்லை. ஒரு காதை மூடச் சொன்னால் தலையையே போர்த்திக்கொள்வதுபோல.)

ஏன் அணைப்பது பேட்சைவிட ஒரு படி மேல்

பேட்ச் அந்தப் புள்ளியைச் சரிசெய்தது. கூவும் பழக்கத்தை அது தொடவில்லை, தொடுவது அதன் வேலையும் இல்லை.

அந்தப் பழக்கம்தான் பிற்பாடு பெரிய தலைவலி ஆனது. பயனர் ஒருவர் பகிர்வுக் கோப்புறையின் பெயரை ஓரெழுத்துப் பிழையோடு தட்டுகிறார். டிஎன்எஸ் இல்லை என்கிறது. கணினி கூவுகிறது. நெட்வொர்க்கில் ரெஸ்பாண்டர் என்ற கருவியை ஓடவிட்டுக் காத்திருப்பவர் "நான்தான் அது" என்கிறார். சரிபார்க்க எந்த ஏற்பாடும் இல்லை, யார் கை தூக்கினாலும் நம்புகிறது விண்டோஸ். அப்புறம் அந்தப் போலி சர்வரிடம் பயனரின் என்டிஎல்எம் (விண்டோஸின் உள்நுழைவுச் சரிபார்ப்பு முறை) நற்சான்றை மரியாதையாக நீட்டுகிறது. கடவுச்சொல் அப்படியே போவதில்லை, அதிலிருந்து கணக்கிட்ட விடைதான் போகிறது. ஆனால் கடவுச்சொல் எளிதானதாக இருந்தால் அந்த விடையை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறஅமர உடைக்கலாம். உடைக்காமலே இன்னொரு சர்வருக்கு அப்படியே கடத்திவிடும் வழியும் உண்டு.

இதில் ஒரு ஓட்டையும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாம் வடிவமைத்தபடியே நடக்கிறது. அதனால் இதற்குப் பேட்சும் இல்லை. தாக்குதல் முறைகளைத் தொகுக்கும் மைட்டர் பட்டியலில் இதற்குத் தனி எண்ணே இருக்கிறது. 2011இல் எம்எஸ்11-030க்காக எல்எல்எம்என்ஆரை அணைத்துவிட்டு, பேட்ச் வந்த பிறகும் திருப்பிப் போட மறந்துபோன நிர்வாகி, தன்னை அறியாமலே இந்தத் தாக்குதலின் ஒரு பாதியிலிருந்து தப்பித்தார். பாலிசியைப் பொறுப்பாக மீட்டு வைத்தவர் மாட்டிக்கொண்டார். 2022இல் மைக்ரோசாஃப்டே எல்எல்எம்என்ஆரையும் நெட்பயாஸ் பெயர் தேடலையும் மெல்ல ஓரங்கட்டி, சர்வர் இல்லாமல் பெயர் தேடும் இன்னொரு முறையான எம்டிஎன்எஸ் பக்கம் நகரப்போவதாகச் சொன்னது.

ஒரு பாதி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எல்எல்எம்என்ஆரை மட்டும் அணைத்தால் யுடிபி 137இல் நெட்பயாஸ் அதே கூவலைத் தொடரும். புதிய விண்டோஸில் 5353இல் எம்டிஎன்எஸ் வேறு இருக்கிறது. அணைக்கத் தீர்மானித்தவர் நெட்பயாஸையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது. அது ஒவ்வொரு நெட்வொர்க் கார்டின் அமைப்பிலும் தனித்தனியாக இருப்பதால் வேலை கொஞ்சம் இழுக்கும்.

இதே விதி மற்ற இடங்களுக்குப் பொருந்துமா?

பொருந்தாது. "தேவையில்லாத வசதியை அணை" என்ற மந்திரம் செல்வது, வசதி தேவையில்லாததாக இருந்தால்தான்.

2016 பிப்ரவரியில் லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தில் (பெரும்பாலான நிரல்கள் பயன்படுத்தும் பொது நிரல் தொகுப்பு) வெளிவந்த, சிவிஇ-2015-7547 என்ற பதிவெண் கொண்ட ஓட்டையை எடுத்துக்கொள்வோம். கெட்அட்ரின்ஃபோ என்ற செயல்கூறு, ஒரு பெயருக்கு ஐபிவி4, ஐபிவி6 இரண்டு முகவரிகளையும் ஒரே நேரத்தில் கேட்கும். விடைக்காக ஸ்டாக்கில் 2048 பைட் இடம் ஒதுக்கியிருக்கும். அதைவிடப் பெரிய விடை வந்தால் வேறிடத்தில் புது இடம் எடுத்து அங்கே எழுத வேண்டும். சில சந்தர்ப்பங்களில் கணக்கு குழம்பி, பெரிய விடையைப் பழைய சின்ன இடத்திலேயே கொட்டிவிடும். 2008இல் வந்த 2.9 பதிப்பிலிருந்தே இது இருந்தது. கூகுள் பொறியாளர் ஒருவரின் எஸ்எஸ்எச் கிளையன்ட் (தொலைக் கணினியில் நுழையும் நிரல்), குறிப்பிட்ட ஒரு கணினியுடன் இணைய முயலும்போதெல்லாம் விழுந்துகொண்டே இருக்க, துருவிப் பார்த்ததில் அகப்பட்டது.

இங்கே எதை அணைப்பீர்கள்? பெயர் தேடலையே அணைக்க முடியாது. காத்திருக்கும் காது எதுவும் இல்லை. நாமே போய்க் கேட்கிறோம், வருகிற விடையில்தான் விஷம். அன்று பலர் கைக்குக் கிடைத்ததைச் செய்தார்கள். ஐபிவி6ஐ அணைத்தார்கள்; அணைத்தாலும் ஐபிவி6 முகவரிக்கான கேள்வி போய்க்கொண்டுதான் இருக்கும், பயனில்லை. பெயர் தேடலின் அமைப்புக் கோப்பான ரிசால்வ்.கான்ஃபில் சிங்கிள்-ரிக்வெஸ்ட் என்று எழுதினார்கள். இரண்டு கேள்விகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகுமே தவிர இடத்தைக் கையாளும் தவறு அப்படியே நிற்கும். உருப்படியாக வேலை செய்தவை, 512 பைட்டுக்கு மேற்பட்ட யுடிபி விடைகளை ஃபயர்வாலில் தள்ளிவிடுவதும், ஒழுங்கற்ற விடைகளை வடிகட்டும் ரிசால்வர் (பெயர் தேடித் தரும் நிரல்) ஒன்றை நடுவில் நிறுத்துவதும். முதலாவது, டிஎன்எஸ் விடைகளுக்குக் கையெழுத்திடும் டிஎன்எஸ்செக் போன்றவற்றின் பெரிய விடைகளையும் சேர்த்து வெட்டும். யுடிபிக்கு மாற்றான டிசிபி முறையில் வரும் விடையை அது தொடவும் தொடாது.

ஆகவே அங்கே பேட்ச்தான், வேறு பேச்சில்லை. அதிலும் ஒரு சிக்கல்: நூலகத்தை மாற்றினாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் பழையதையே நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சேவையையும் மறுபடி தொடங்க வேண்டும். நூலகத்தைத் தனக்குள்ளேயே சேர்த்துக் கட்டிய நிரல்களை மறுபடி கட்டியே ஆக வேண்டும். பேசாமல் ரீபூட் செய்துவிடுவது மேல்.

அதே நூலகத்தில் அதற்கு முந்தைய ஆண்டு வந்த கோஸ்ட் ஓட்டை இன்னொரு பாடம் வைத்திருந்தது. 2015 ஜனவரியில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்திய அந்தப் பிழை 2013 மே மாதமே திருத்தப்பட்டுவிட்டது, ஆனால் பாதுகாப்புத் திருத்தம் என்று யாரும் முத்திரை குத்தவில்லை. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்ட நீண்டகாலப் பதிப்புகள் அதை எடுக்காமல் விட்டன. "முக்கியமானதை மட்டும் போடுவோம்" என்பதும் ஒரு தேர்வுதான். எது முக்கியம் என்று அன்றே தெரிந்திருந்தால் நல்ல தேர்வு.

மூன்றாவது வகை, 2020 ஜூலையில் வந்த சிக்ரெட் என்ற ஓட்டை. இது இருந்தது பெயரைக் கேட்கும் கிளையன்டில் அல்ல, விடை சொல்லும் விண்டோஸ் டிஎன்எஸ் சர்வரில். சர்வர் 2003 முதல் 2019 வரை எல்லாவற்றிலும் 17 ஆண்டுகளாக இருந்தது. அபாய மதிப்பெண் 10க்கு 10. டிஎன்எஸ் சர்வரை அணைக்க முடியாது, பெரும்பாலும் அது டொமைனையே நிர்வகிக்கும் கணினியான டொமைன் கன்ட்ரோலரிலேயே இருப்பதால் நினைத்த நேரத்தில் ரீபூட்டும் முடியாது. ஆனால் ஓட்டை வேலை செய்ய, டிசிபி வழியே 64 கேபி எல்லையை உரசும் விடை ஒன்று வந்தாக வேண்டும். எனவே ரெஜிஸ்ட்ரியில் டிசிபி விடையின் அதிகபட்ச அளவை 65,535இலிருந்து 65,280 பைட்டாகக் குறைத்து, டிஎன்எஸ் சேவையை மட்டும் மறுதொடக்கம் செய்தால் போதும். வெறும் 255 பைட் வெட்டு. அவ்வளவு பெரிய விடை நிஜ வாழ்வில் அநேகமாக வருவதே இல்லை என்பதால் இழப்பும் இல்லை. தற்காலிக ஏற்பாடு என்றால் இப்படி இருக்க வேண்டும். அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா அந்நாட்டு அரசுத் துறைகளுக்கு இட்ட உத்தரவும் இந்த வரிசையில்தான் இருந்தது: 24 மணி நேரத்துக்குள் பேட்சோ இந்த மாற்றமோ, ஒரு வாரத்துக்குள் எல்லா இடத்திலும் பேட்ச்.

ஆக, எம்எஸ்11-030 மாதிரி காது திறந்து உட்கார்ந்திருக்கும் வசதியில் ஓட்டை என்றால் நான் முதலில் கேட்பது, "இந்தக் காது எதற்கு?" என்றுதான். விடை சொல்ல ஆள் இல்லையென்றால் அணைத்துவிட்டு, பேட்சை அதன் முறை வரும்போது போடுவேன். திருப்பித் திறக்க மாட்டேன். ஜிலிப்சி மாதிரி என்றால் மாற்றுவழி தேடும் நேரத்தில் ரீபூட்டுக்கு அனுமதி வாங்கிவிடுவேன். சிக்ரெட் மாதிரி என்றால் ரெஜிஸ்ட்ரியை இன்றே, பேட்சை வார இறுதியில். 2017இல் லினக்ஸின் சிஸ்டம்டி-ரிசால்வ்ட் என்ற ரிசால்வரில் வந்த சிவிஇ-2017-9445 இந்த மூன்றுக்கும் நடுவில் விழுவது. விஷம் விடையில்தான், ஆனால் அந்த ரிசால்வரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். மாட்டத் தெரிந்தவருக்கு அது வழி, தெரியாதவருக்குப் பேட்ச்.

அந்த விண்டோஸ் 7 கணினிக்கு வருவோம். 2011 பேட்ச்தானே, அதற்கு இருக்கிறதே என்று தோன்றும். கருவியை விற்ற நிறுவனம் "எதையும் தொட்டால் உத்தரவாதம் போய்விடும்" என்று எழுதிக் கொடுத்திருக்கும், பல இடங்களில் அந்தக் காகிதமே திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். அப்போது எனேபிள்மல்டிகாஸ்ட் 0, நெட்பயாஸ் அணைப்பு, இணைப்பு வகை பொது, அந்தக் கணினிக்கும் அது பேச வேண்டிய ஒரே சர்வருக்கும் மட்டும் தனி விலான் (ஸ்விட்ச்சில் பிரித்துக் கொடுக்கும் தனி நெட்வொர்க்). ஒட்டுச்சீட்டு ரெஜிஸ்ட்ரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா என்று மட்டும் முதலில் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதையும் தொடக்கூடாது என்றிருந்தால், விலானை அமைப்பது ஸ்விட்ச்சில்தான். அதற்கு அந்தக் கணினியின் பக்கமே போக வேண்டாம்.